தோற்றுப் போன திருத்தங்கள்

இந்திய அரசியல் சட்டத்தின் நகல் அரசியல் நிர்ணய சபையில் விவாதத்துக்கு வந்த காலத்தில் அதற்கெனக் கொடுக்கப்பட்ட திருத்தங்கள் 7,635. அவற்றுள் சபையில் முறைப்படி முன்மொழியப்பட்டவை 2,473. 1949 நவம்பர் 25 அன்று ஆற்றிய நிறைவுரையில் டாக்டர் அம்பேத்கர் இந்தக் கணக்கைச் சொல்கிறார். ஏற்கப்பட்ட திருத்தங்கள் சட்டத்தின் சொற்களோடு சொற்களாய்க் கரைந்துவிட்டன; அவற்றைத் தந்தவர் யாரென்று இன்று எவரும் கேட்பதில்லை. தோற்றுப் போனவையோ, தந்தவர் பெயரைச் சுமந்தபடி, விவாதக் குறிப்புகளில் அப்படியே இருக்கின்றன. அவற்றுள் முஸ்லிம் உறுப்பினர்கள், குறிப்பாக நம் மாகாணத்து உறுப்பினர்கள், கொண்டுவந்த சிலவற்றைச் சில மாதங்களாக வாசித்து வருகிறேன். வாசிக்க நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிட வேண்டும்.

நான் ஆலங்குளத்தில் வசிப்பவன். ஆலங்குளம் என்றதும் பலர் திருநெல்வேலி – தென்காசிச் சாலையிலுள்ள ஊரை எண்ணிக்கொள்வர். நான் சொல்வது ராஜபாளையத்துக்குக் கிழக்கே, அரசு சிமெண்ட் ஆலையால் பெயர் பெற்ற ஆலங்குளம். ஒரு நோன்புப் பெருநாளன்று என் தங்கை குடும்பத்தார் வந்திருந்தனர். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த அவள் மகன், உண்டு முடித்துப் பேசிக்கொண்டிருக்கையில், "மாமா, அந்தச் சட்டம் எழுதிய சபையில் நம்மவர்கள் கேட்டது எதையும் கொடுக்கவில்லையாமே? பிறகு அதை நம் சட்டம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டான். குரலில் பகை இல்லை. ஒரு தளர்ச்சி இருந்தது. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறியபின் கூடிய கூட்டங்களில் அரசியல் சட்டத்தின் முகப்புரையைக் கூட்டத்தோடு நின்று உரக்க வாசித்தவன் அவன். வாசித்தவனுக்கே எழுந்த ஐயம் என்பதால், அதை இலேசாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதால் அவ்வூரில் வக்கீல் வீடுகளுக்குப் பஞ்சமில்லை. அங்குள்ள நண்பர் ஒருவரிடம் நிர்ணய சபை விவாதத் தொகுதிகள் முழுமையாக இருந்தன. ஒவ்வொன்றாய் வாங்கிவந்தேன்.

1946 டிசம்பர் 9 அன்று கூடிய அந்தச் சபையை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாகாணச் சட்டசபைகளின் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தனர்; அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்களோ சொத்தும் படிப்பும் உடைய ஒரு சிலர். சென்னை மாகாணத்துக்குரிய 49 இடங்களில் முஸ்லிம்களுக்கு 4. காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப், போக்கர் சாஹிப், மஹபூப் அலி பேக் சாஹிப், கே. டி. எம். அஹமது இபுராஹீம் சாஹிப் ஆகியோர் அந்நால்வர். முஸ்லிம் லீக் முதலில் சபையைப் புறக்கணித்தது. பிரிவினை உறுதியான பின், இந்தியப் பகுதியின் லீக் உறுப்பினர்கள் 1947 ஜூலையில் சபைக்குள் வந்தனர். எத்தகைய நேரம் அது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கட்சி ஒரு நாட்டைப் பெற்றுக்கொண்டு போய்விட்டது. கட்சிக்காரர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் எதைக் கேட்டாலும், "இன்னுமா?" என்னும் பார்வை எதிரே நின்றது.

அந்தச் சூழலில் 1947 ஆகஸ்ட் இறுதியில், விடுதலை கிடைத்து இரு வாரங்களும் நிறையாத வேளையில், போக்கர் சாஹிப் எழுந்து முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். இஸ்மாயில் சாஹிப் அதை ஆதரித்துப் பேசினார். சர்தார் படேலின் பதில் கடுமையானது. இத்தகையதை வேண்டுவோர்க்கு இடம் பாகிஸ்தானில் உண்டு, இங்கு இல்லை என்ற பொருளில் அவர் கூற, சபை கரகோஷம் செய்தது என்று குறிப்பு சொல்கிறது. திருத்தம் தோற்றது. கூட்டுத் தொகுதியும் அதற்குள் ஒதுக்கிய இடங்களும் என்ற ஏற்பாடு மட்டும் நின்றது. 1949 மே மாதம் அந்த ஒதுக்கீடும் நீக்கப்பட்டது. அப்போதும் இஸ்மாயில் சாஹிப் எதிர்த்தார்; பேகம் ஐஜாஸ் ரசூல் போன்ற வேறு முஸ்லிம் உறுப்பினர்கள் நீக்கத்தை ஆதரித்தனர். நம்மவர் அனைவரும் ஒரே குரலில் பேசினர் என்பது பின்னாளில் நாம் கட்டிக்கொண்ட கதை.

படேலின் சொற்களை இன்று வாசித்தாலும் நெஞ்சு சுடுகிறது. ஆயினும் அத்திருத்தம் தோற்றது நன்றே என்பது என் கருத்து. காரணம் எங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறது. 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில் காமராஜர் வென்றார். சட்டசபைக்கு அங்கே நின்ற ராஜபாளையத்துக்காரர் பூ. ச. குமாரசாமி ராஜா, முதலமைச்சராக இருந்தும் தோற்றார். என் தந்தையார் அவ்விரு தேர்தல்களிலும் வாக்களித்தார். தனித்தொகுதி இருந்திருந்தால் இவர்களை ஆக்கவோ நீக்கவோ அவருக்கு உரிமை இருந்திராது. பல ஊர்களைச் சேர்த்து வகுத்த முஸ்லிம் தொகுதி ஒன்றில் எவரோ ஒருவருக்கு வாக்களித்துவிட்டு, தம் ஊர்ச் சாலைக்கும் குடிநீருக்கும் யாரிடமும் போய் நிற்க முடியாதவராகவே இருந்திருப்பார். அதே சமயம், காயிதே மில்லத்தின் அச்சம் வெறும் அச்சமன்று. 2024 தேர்தலில் 543 பேர் கொண்ட மக்களவைக்கு வந்த முஸ்லிம் உறுப்பினர்கள் 24 பேர். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நாம் நூற்றுக்குப் பதினான்கு. நோயை அவர் சரியாகவே கண்டார். மருந்தில்தான் எனக்கு உடன்பாடில்லை.

நிற்க. 1948 நவம்பர் 23ஆம் நாள் விவாதமே நம் மேடைகளில் அதிகமாகப் பேசப்படுவது. பொதுச் சிவில் சட்டம் பற்றிய அன்றைய 35ஆம் பிரிவுக்கு (இன்று அது 44) இஸ்மாயில் சாஹிப் ஒரு காப்பு வாசகத்தைச் சேர்க்கச் சொன்னார்: தனக்கெனத் தனியார் சட்டம் உடைய எந்தச் சமூகமும் அதைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படலாகாது. முதல் உலகப் போருக்குப்பின் யூகோஸ்லாவியா தன் முஸ்லிம்களின் குடும்பச் சட்டத்துக்கு உடன்படிக்கை வழி உறுதி தந்ததை அவர் எடுத்துக்காட்டினார். சிவில் சட்டம் என்ற சொல்லுக்குள் திருமணமும் வாரிசுரிமையும் வாரா என்று மஹபூப் அலி பேக் வாதித்தார். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் மறுத்தனர். அம்பேத்கர் தம் பதிலில், ஷரீஅத் இந்தியா முழுவதும் என்றும் ஒரே சீராக நடைமுறையில் இருந்ததில்லை எனக் காட்ட, எல்லைப்புற மாகாணத்தையும் வட மலபாரின் மருமக்கதாயத்தையும் சுட்டினார். பிறகு, வருங்காலப் பாராளுமன்றம் அத்தகைய சட்டத்தைத் தாமே விரும்பி ஏற்பவர்களுக்கு மட்டும் பொருந்துமாறு தொடங்கலாம் என்றும் சொன்னார். திருத்தங்கள் தோற்றன. நம்மவர்கள் இந்தப் பதிலின் பின்பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவர். எதிர்வாதம் செய்வோர் முன்பாதியை மட்டும். இரண்டும் ஒரே மனிதர் ஒரே மூச்சில் பேசியவை. 2025 ஜனவரியில் உத்தரகண்டில் நடைமுறைக்கு வந்த பொதுச் சிவில் சட்டம் விரும்பியவர்க்கு மட்டும் என்று வரவில்லை என்பதையும் ஈண்டுக் குறித்துவைக்க வேண்டும்.

ஆனால் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது இவ்விரண்டும் அல்ல. 1948 டிசம்பர் 6ஆம் நாள் நடந்த விவாதம். சமுதாயக் கூட்டங்களில் எவரும் அதைக் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை. சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி எவருடைய உயிரையும் உடற்சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்பது இன்றைய 21ஆம் பிரிவு. நகலில் அது 15. கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் சட்டமன்றமே ஒரு கொடிய நடைமுறையை வகுத்துவிட்டால்? மத்திய மாகாணத்து உறுப்பினர் காஜி சையது கரீமுத்தீன், அமெரிக்காவில் வழங்கும் ‘டியூ பிராசஸ்’ என்னும் சொல்லை இட வேண்டும் என்றார். அதாவது, நடைமுறை என்று ஒன்று இருந்தால் போதாது. அது நியாயமானதுதானா என்று பார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் வேண்டும். மஹபூப் அலி பேக் வேறொரு வாசகத்தை முன்மொழிந்து, நகல் குழுவின் அடிக்குறிப்பையே கையில் எடுத்துக்கொண்டார். இந்த வாசகம் ஜப்பானின் 1946ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் இருக்கிறது என்று குழு சொல்லியிருந்தது. அப்படியானால் அதே ஜப்பானியச் சட்டத்தில் அடுத்தடுத்து வரும் பாதுகாப்புப் பிரிவுகளை ஏன் விட்டுவிட்டீர்கள் என்பது அவர் கேள்வி. வாதத்தில் இதைவிடக் கூர்மையான கேள்வியை அத்தொகுதிகளில் நான் அதிகம் காணவில்லை.

இது முஸ்லிம்களின் கோரிக்கை அன்று. தாக்கூர் தாஸ் பார்கவாவும், பொதுச் சிவில் சட்ட விவாதத்தில் நம்மவரை மறுத்த அதே முன்ஷியும் இதில் இவர்கள் பக்கம் நின்றனர். சபையின் ஆலோசகர் பி. என். ராவோ அமெரிக்கா சென்று நீதிபதி பிராங்க்பர்ட்டரைச் சந்தித்து, அச்சொல் வேண்டாம் என்ற எண்ணத்தோடு திரும்பியிருந்தார். டிசம்பர் 13 அன்று அம்பேத்கர் இரு பக்கத்து ஆபத்துகளையும் நிறுத்துக் காட்டி, முடிவைச் சபைக்கே விட்டார். திருத்தங்கள் தோற்றன. எனினும் ஏதோ குறை உறுத்தியிருக்க வேண்டும். 1949 செப்டம்பரில் அம்பேத்கரே ஒரு புதிய பிரிவைக் கொண்டுவந்து, முன்பு செய்ததற்கு ஈடு செய்வதே இது என்னும் கருத்துப்படப் பேசினார். அதுவே இன்றைய 22ஆம் பிரிவு. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ள விட வேண்டும். தடுப்புக் காவலில் வைத்தால் காரணங்களைத் தெரிவிக்க வேண்டும். விசாரணையின்றிச் சிறைவைக்கும் தடுப்புக் காவலுக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் போட்டுக் கொடுத்ததும் இதே பிரிவுதான் என்று பக்ஷி தேக் சந்த் அன்றே சாடினார். இரண்டும் உண்மை.

தடுப்புக் காவல் என்றால் என்னவென்று தமிழ்நாட்டில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கடைவீதியில் ‘குண்டாஸ்’ என்றால் சிறுபிள்ளைக்கும் தெரியும். என் தங்கை கணவர் வழி உறவில் ஓர் இளைஞன் சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு சிறை சென்றான். அவன் குற்றவாளியா இல்லையா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அந்த வீட்டுக்கு அது எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்வேன். காரணங்கள் என்று ஒரு கட்டுத் தாள்கள் வந்தன. பாதிக்கு மேல் ஆங்கிலம். அவன் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவன் தாயார் அந்தக் கட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வக்கீல் வீடு வக்கீல் வீடாக அலைந்தார். பெருநாளுக்கு அவ்வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, வக்கீல் எடுத்துவைத்த வாதம் மிக எளியது: காரணங்களைத் தெரிவிப்பது என்றால் அவனுக்குத் தெரிந்த மொழியில் தெரிவிப்பது, தமிழ் மொழிபெயர்ப்புத் தராதபோது 22ஆம் பிரிவு நிறைவேறவில்லை. உச்ச நீதிமன்றம் முன்பே நிலைநாட்டியிருந்த நெறி அது. காவல் ஆணை ரத்தாயிற்று. பையன் வீடு வந்தான்.

22ஆம் பிரிவு வந்த வழியை நான் அறிந்தது இதற்குப் பின்பே. கரீமுத்தீனும் பேக்கும் அவர்களோடு நின்றவர்களும் அன்று எழுந்து பேசாதிருந்தால், சபைக்கு ஈடு செய்ய வேண்டிய கடன் ஒன்றும் இருந்திராது. தங்கை மகனுக்கு இதை எழுதி அனுப்பினேன். "தோற்றவர்களால் விடுதலையா?" என்று ஒரு வரி பதில் வந்தது.

அக்கதை அத்துடன் முடியவில்லை. சட்டம் நடைமுறைக்கு வந்த நாலே மாதத்தில், சென்னை ராஜ்யத்துச் சிறையில் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் தொடுத்த வழக்கில், 1950 மே 19 அன்று உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள், சட்டமன்றம் வகுத்த நடைமுறையே போதும் என்றனர். நீதிபதி சையது ஃபஸ்ல் அலி மறுத்துத் தனித் தீர்ப்பு எழுதினார். (பின்பு மாநிலச் சீரமைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இவரே. ஒரிஸ்ஸா கவர்னர் பதவியிலிருந்து இவர் விலகியபோது, 1954இல் அவ்விடத்துக்குப் போனவர் ராஜபாளையம் குமாரசாமி ராஜா என்பது எங்கள் வட்டாரத்தார்க்கு இனிக்கும் செய்தி.) அந்தத் தனித் தீர்ப்பும் தோற்ற திருத்தத்தின் கதியையே அடைந்தது. 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், காவலில் இருப்பவர் நீதிமன்றத்தை அணுகவே முடியாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தபோது, மறுத்து நின்றவர் நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவரே. பெரும்பான்மையினரில் ஒருவர் நீதிபதி எம். எச். பெக். சமுதாயப் பெருமைக் கணக்கு எழுதுவோர் இதையும் அதே ஏட்டில் எழுதிக்கொள்ளட்டும். 1978 ஜனவரியில் மேனகா காந்தி வழக்கில்தான், நடைமுறை நியாயமானதாகவும் முறையானதாகவும் இருந்தாக வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறிற்று. சொல் சட்டத்தில் ஏறவில்லை, பொருள் ஏறிவிட்டது. நெருக்கடிக் காலத் தீர்ப்பையும் 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தள்ளியது.

இவற்றையெல்லாம் ராஜபாளையத்தில் ஓர் ஹஜ்ரத்திடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் உடனே ஹுதைபியாவை நினைவூட்டினார். உடன்படிக்கையில் அல்லாஹ்வின் தூதர் என்ற சொல்லை எதிர்த்தரப்பு ஏற்க மறுத்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதை நீக்கி அப்துல்லாஹ்வின் மகன் என்று எழுதச் செய்தார்கள்; உமர் (ரலி) போன்றோர்க்கே அன்று மனம் பொறுக்கவில்லை; தோல்வி போல் தோன்றியது பின்பு வெற்றியாயிற்று என்றார். உவமை அழகியது. ஆனால் எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு, அவரிடமே சொன்னேன். ஹுதைபியாவில் இரு தரப்பு இருந்தது. இரு தரப்பும் தத்தம் ஊருக்குத் திரும்பிச் சென்றன. நிர்ணய சபையில் போக்கர் சாஹிபும் பேக் சாஹிபும் எதிர்த்தரப்பின் தூதர்களாக உட்கார்ந்திருக்கவில்லை. அது அவர்கள் வீடு. உடன்படிக்கையில் எதைப் பெற்றோம், எதை இழந்தோம் என்று கணக்குப் பார்க்கலாம். வீட்டுக்குள் நடந்த வாதத்தில் தோற்றவனுக்கு வீட்டின்மேல் உரிமை குறைந்துவிடுவதில்லை. ஹஜ்ரத் சற்று நேரம் பேசாதிருந்து, "வீட்டில் சிலருக்கு அப்படித் தோன்றவில்லையே, பாய்" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

சபை தன் வேலையைத் தானே எப்படிப் பார்த்தது என்பதற்கு, எங்கள் மாகாணமே விரைவில் சாட்சியாயிற்று. 1950 ஜனவரி 26 அன்று சென்னை மாகாணத்தின் பிரதமர் என்னும் பதவி முதலமைச்சர் ஆயிற்று. பதவியில் இருந்தவர் குமாரசாமி ராஜா. அப்போது கல்லூரி இடங்கள் வகுப்புவாரி அரசாணைப்படி நிரப்பப்பட்டன. ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் என்பார் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் இந்த ஆணையை ரத்துச் செய்தது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எந்தப் பிரிவைக் காட்டி என்று பாருங்கள்: 29ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. சிறுபான்மையினரின் நலன் காப்பது என்று தலைப்பிட்டு எழுதப்பட்ட பிரிவு அது. அதன் கீழேயே முஸ்லிம் மாணவரின் பதினாலில் ஓரிடம் போயிற்று.

தமிழகம் கொந்தளித்தது. பெரியார் ஈ. வெ. ரா. கிளர்ச்சி நடத்தினார். 1951 ஜூன் 18 அன்று முதலாவது திருத்தம் சட்டமாயிற்று. பேச்சுரிமையைக் குறுக்கும் சில சொற்களும் அதே திருத்தத்தில் சேர்ந்தே வந்தன; அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சமூக, கல்வி நிலையில் பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்ய இடம் தரும் 15ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு அதில்தான் பிறந்தது. 2007இல் தமிழ்நாட்டில் பிற்பட்ட முஸ்லிம்களுக்கு மூன்றரை விழுக்காடு தனியே ஒதுக்கப்பட்டதும் அந்தக் கதவு வழியாகத்தான். அத்திருத்தத்தை நிறைவேற்றியது புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பாராளுமன்றம் அன்று. முதல் பொதுத்தேர்தல் அதன்பின்பே நடந்தது. 2 ஆண்டு, 11 மாதம், 17 நாள் அமர்ந்து 395 பிரிவுகளை எழுதி முடித்த அதே நிர்ணய சபைதான் தற்காலிகப் பாராளுமன்றமாக இருந்துகொண்டு, பதினேழு மாதங்களுக்குள் தன் எழுத்தைத் தானே திருத்தியது.